இடப்பக்கக் கல்லா

என் வீட்டுக்காரர் மாஹிருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று மலேசியாவில் எங்கள் துணிக்கடை இருக்கும் தங்காக் கடைத்தெருவில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்து, இது கலப்பு நூல், இது சுத்தப் பருத்தி என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். எதிர்க்கடைப் பலகையின் மூலையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படித்துக் காட்டுவார். "என் கண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று அவர் கேட்கும்போது நெஞ்சு நிமிர்ந்துவிடும். பெருமைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

டாக்டர் வசந்தன் முதல் தடவையே நல்ல தமிழில்தான் சொன்னார். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். வலிக்காது. நேரே பார்க்கும் பார்வை ரொம்ப நாள் நன்றாகவே இருக்கும். ஓரத்திலிருந்துதான் இருட்டு உள்ளே வரும். காலையில் ஒரு சொட்டு, இரவில் ஒரு சொட்டு, நிறுத்தவே கூடாது. இவர் "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று தலையை ஆட்டினார்.

நோன்பு மாதம் வரும் வரைக்கும் ஒழுங்காகத்தான் ஊற்றினார். முதல் நோன்பன்று காலையில் கடைக்குக் கிளம்பும் முன் மருந்தை ஊற்றியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தொண்டை கசந்திருக்கிறது. ஐயோ, நோன்பு முறிந்துவிட்டதே என்று பதறிப்போய் பாட்டிலை மூடி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். யாரிடமாவது கேட்டாரா? பள்ளிவாசல் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். இமாம் தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கேட்கமாட்டார். கேட்டால் கௌரவம் தேய்ந்துபோகும் அல்லவா!

அந்த மாதம் முழுக்க மருந்து இல்லை. பெருநாள் வந்தது. கண் எப்போதும்போலத் தெரிந்தது. "ஊத்தாமலே நல்லாத்தானே இருக்கு" என்று அதோடு விட்டுவிட்டார். நான் கேட்டால் "ஊத்தறேன், ஊத்தறேன்" என்று ஒரே பதில். பெருநாள் வியாபாரம், பள்ளிக்கூடத் திறப்பு வியாபாரம், தீபாவளி வியாபாரம் என்று ஆஸ்பத்திரித் தேதியும் தள்ளித் தள்ளிப் போனது.

எங்கள் கடையில் துணி வெட்டும் மேசை நடுவில். அவர் அங்கே நிற்பார். கல்லா அவருக்கு இடப்பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து என் நாற்காலி அங்கேதான். அந்த இடப்பக்கத்தில்தான் ஒவ்வொன்றாக நடந்தது. நிறுத்தி வைத்த துணி உருளைகள் அவர் முழங்கை பட்டு விழுந்தன. சில்லறையை நீட்டினால் வாங்கமாட்டார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கடை தஸ்லிமா ஒரு நாள் வந்து நின்றாள்.

"அக்கா, மச்சான் இப்ப ரொம்ப சொம்போங் லா. சலாம் சொன்னா திரும்பிக்கூடப் பாக்கறது இல்ல. அப்படி என்ன தலைக்கனம்?"

"அவருக்கு எப்பவும் இருக்கறதுதானே" என்று நான் சிரித்தேன்.

பிறகொரு நாள் நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கியவரை இடப்பக்கமாக வந்த மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டது. கையில் சிராய்ப்புதான். ஆனால் ஓட்டி வந்தவன் கத்தினான்: "அலமாக்! இவ்ளோ பெரிய வண்டி கண்ணு தெரியலையா அங்கிள்?" அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வசந்தன் எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "இடது கண்ணு போயிருச்சுங்க. வலது கண்ணுலயும் மூக்குப் பக்க ஓரம் மங்க ஆரம்பிச்சிருச்சு. போனது திரும்பாது. இனி மருந்து வலது கண்ணுல இருக்கறதக் காப்பாத்தத்தான். இதையும் விட்டீங்கன்னா ஒண்ணும் மிஞ்சாது."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், துணி மடித்தேன். அவரும் டிவி பார்த்தார். 

நோன்பு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவர் கேட்பார் என்று நான் காத்திருக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நானே பள்ளிவாசலுக்குப் போனேன். இமாம் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"கண்ணுல ஊத்தினா நோன்பு முறியாதும்மா. அப்படியும் அவர் மனசு கேக்கலைன்னா, நோன்பு தெறந்ததும் ஒண்ணு, விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுல ஒண்ணு. அவ்வளவுதானே? இதை ஏன் அவர் அப்பவே கேக்கல?"

அவ்வளவுதான். ஒரு கண்ணைக் காப்பாற்ற ஆகியிருக்க வேண்டிய செலவு இந்த ஒரு நிமிஷப் பேச்சு. 

தொண்டை கசக்காமல் இருக்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு வழி சொல்லித் தந்திருந்தாள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தைக் கொஞ்ச நேரம் விரலால் அழுத்த வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காது. கடைக்குப் பின்னால் பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் வைத்து நோன்பு திறந்ததும் நான் ஊற்றுவேன், நான் அழுத்துவேன்.

"இடது கண்ணுக்கும் ஊத்து" என்றார் முதல் நாளே.

வலது கண்ணுக்கு மட்டும் என்றுதான் பாட்டிலில் எழுதியிருந்தது. வாதாட எனக்குத் தெம்பு இல்லை. ஊற்றினேன். பிறகுதான் கவனித்தேன். தினமும் கடை திறந்ததும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சிவப்புத் துணி உருளைக்கு முன்னால் நின்று இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். "பெருநாளைக்குள்ள சரியாயிரும்" என்பார். டாக்டர் சொன்னது இந்த மனுஷன் காதில் விழவே இல்லையா? யா அல்லாஹ், விழுந்திருந்தது. மனசுதான் வாங்கவில்லை.

பாதி நோன்பு போயிருக்கும். கடையில் கூட்டமான கூட்டம். பாங்கு சொல்லி, தண்ணீர் குடித்து, நான் பாட்டிலை எடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம் புள்ள. என்ன பிரயோஜனம்? ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரல. சும்மா ஊத்தி ஊத்தி..."

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அத்தனை மாதம் மரத்துக் கிடந்தது ஒரேயடியாக வாயில் வந்துவிட்டது.

"வராதுங்க! அந்தக் கண்ணு வராது! இந்தப் பெருநாளைக்கும் வராது, எந்தப் பெருநாளைக்கும் வராது. அது செத்துப்போச்சு. இது அதுக்கு இல்ல. மிச்சம் இருக்கற ஒரு கண்ணுக்கு. அதையும் சாகடிச்சிட்டு யாரைப் பாக்கப் போறீங்க?"

முன்னால் துணி பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்கார மக்சிக் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவர் கஞ்சியைத் தொடாமல் எழுந்துபோய் வெட்டிக்கொண்டிருந்த துணியை மீண்டும் வெட்ட ஆரம்பித்தார். கத்தரி கோணலாகப் போனதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். சஹருக்கு எழுந்து சாப்பிட்டார். மருந்தைக் காட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மறுபடியும் மரத்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அவர் கண், அவர் பாடு என்று பாத்திரத்தைக் கழுவினேன்.

அன்று சாயங்காலம் பாங்கு சொன்னார்கள். பழம் தின்றார், தண்ணீர் குடித்தார். நான் பாட்டிலை எடுக்கவில்லை. அவராகவே நாற்காலியில் சாய்ந்து தலையை நிமிர்த்தினார். இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். வலது கண்ணை மட்டும் அகலத் திறந்தார்.

ஒரு சொட்டு விட்டேன். மூக்கோரத்தை அழுத்தினேன். விரலுக்குக் கீழே ஈரம் இருந்தது. மருந்தா வேறா என்று நான் பார்க்கவில்லை. விரலை எடுத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க அவருக்கு இடப்பக்கமாகப் போனேன். அவர் கண்ணைத் திறந்து கையால் காற்றைத் துழாவினார்.

"ஜாஹிதா, எங்க இருக்க?"

"இங்கதான். பக்கத்துலதான் நிக்கறேன்."

"அந்தப் பக்கம் நிக்காத புள்ள," என்றார். "ரொம்ப நாளாவே நீ அங்க நின்னா தெரியல. சொல்ல பயமா இருந்துச்சு. இந்தப் பக்கம் வா."

போனேன். என்னைப் பார்த்தார். துணியைப் பார்ப்பதுபோல, நிதானமாக.

மறுநாள் கடை திறக்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்து கல்லாவை வலப்பக்கம் தள்ளி வைத்தோம்.