வாசலில் சொன்ன பதில்

படையில் அவருக்குக் 'கஞ்சி சார்ஜண்ட்' என்று பெயர். சட்டைக்கு மட்டுமல்ல, ஆளுக்கே கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது போல அப்படியொரு விறைப்பு. சொன்ன இடத்துக்குப் போவார், சொன்னதைச் செய்வார், அடுத்தவரையும் செய்ய வைப்பார். வாழ்க்கையில் பாதி அப்படியே போயிற்று. பீரங்கிச் சத்தத்தில் இடது காது போனதும், இனி களம் வேண்டாம் என்று காயம்பட்ட வீரர்களின் மறுவாழ்வு மையத்துக்கு உதவியாளராக அனுப்பிவிட்டார்கள்.

"அங்க என்னங்க வேலை?" என்று மனைவி கேட்டாள்.

"அவங்க என்ன கேக்கறாங்களோ செஞ்சு கொடுக்கணுமாம்."

"வீட்ல பழகாத வேலை. பார்த்து செய்யுங்க" என்று சிரித்தாள்.

வேலையில் சேர்ந்த வாரத்திலேயே வார்டுக் கட்டில்களெல்லாம் நூல் பிடித்தாற்போல நின்றன. விட்டால் காலில் போட்ட கட்டுக்கும் பாலிஷ் போடச் சொல்வார் என்று படுத்திருந்தவர்கள் கிண்டலடித்தார்கள். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். படைக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது கண்ணிவெடி வெடித்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் போய்விட்டன. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"சார், என் வீட்டுக்காரி வந்தா உள்ள விடாதீங்க. பார்க்க இஷ்டமில்லன்னு சொல்லிடுங்க" என்றான்.

"சரி" என்றார் சார்ஜண்ட். அவருக்கு அதுவும் ஓர் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். தையல் கம்பெனியில் வேலை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. வாசலிலேயே அவளை நிறுத்திச் சொன்னார்.

"தூர நின்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன் அண்ணா."

"அவர் இஷ்டமில்லாம முடியாதும்மா."

பார்வையாளர் நேரம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். ஒருநாள் அவர் முகத்தையே பார்த்து, "இதை அவர் வாயாலதான் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அவரேதான் சொன்னார்."

ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அன்றைக்கு அவள் பெஞ்சில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு வரவுமில்லை.

டிரைவருக்குச் செயற்கைக் கால் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினான். ஆனால் ஞாயிறானால் பயிற்சிக்கு வரமாட்டான். வாசல் தெரிகிற ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொள்வான்.

ஒருநாள் கேட்டே விட்டான். "இன்னைக்கும் வரலையா சார்?"

"நீதானேப்பா வேண்டாம்னு சொன்ன?"

"சொன்னேன் சார்." வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாராவது என்னைத் திட்டிட்டு அவளை உள்ள கூட்டிட்டு வருவாங்கன்னு நெனச்சேன்."

சார்ஜண்டுக்கு நல்ல காதும் அடைத்துப்போனது போல இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கையிலிருந்த துணியை மடித்தபடியே சொன்னாள்: "காது போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு நீங்களும்தான் கதவைச் சாத்திகிட்டு என்னைப் போடின்னு சொன்னீங்க. நான் போயிட்டேனா?"

மறுநாளே தையல் கம்பெனிக்குப் போனார். டிரைவரின் மனைவி வேலையை விட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ் பிடித்து அங்கேயும் போனார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"பயப்படறார்ம்மா, அவ்வளவுதான்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த பெஞ்சிலேயே படுத்துக் கிடந்திருப்பேன் அண்ணா."

"எனக்கே அப்போ புரியலம்மா. தப்பு என்னோடது."

"இங்க வந்து ஒரு மாதிரி மனசைத் தேத்திக்கிட்டேன். மறுபடி கலைக்கச் சொல்றீங்க" என்றாள். கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் வந்தாள். இந்தத் தடவை அவரே முன்னால் நடந்து கட்டில்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வெளியே நின்றார். பார்வையாளர் நேரம் முடியும் முன்பே எழுந்து வந்து, "வரேன் அண்ணா" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டாள்.

உள்ளே டிரைவர் போர்வையைச் சரிசெய்து கொண்டிருந்தான்.

"என்னப்பா சொன்னா?"

"நல்லாதான் பேசினா சார். மருந்து ஒழுங்கா சாப்பிடச் சொன்னா." போர்வையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "வேத்து மனுஷங்ககிட்ட பேசற மாதிரி பேசினா."

அதற்குப் பிறகு இரண்டொரு தடவை வந்தாள். ஒவ்வொரு தடவையும் இருந்த நேரம் குறைந்தது. மையத்திலிருந்து அனுப்பிய அன்று டிரைவரைக் கூட்டிப்போக அவனுடைய அம்மாதான் வந்தாள். சார்ஜண்ட் நாற்காலியை மடித்து வண்டியில் ஏற்றினார்.

"எனக்காக ரொம்ப அலைஞ்சீங்க சார்" என்று டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

தப்பு தன்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். "போன உடனே நாற்காலி பிரேக்கை ஒரு தடவை பார்த்துக்கோ. கொஞ்சம் லூசா இருக்கு" என்றார் சார்ஜண்ட்.