அறுபது மில்லியன்

மருத்துவர் மெல்லிய குழாயை வெளியே எடுத்தார். "அவ்வளவுதான், விந்தணு உள்ள போயாச்சு. கொஞ்ச நேரம் அசையாம படுத்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஏழு வருடமாக, 'விசேஷம் ஏதும் உண்டா' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டியே தாடை நொந்துபோனவள் அவள். இது ஒரு நிமிட வேலையாக முடிந்ததில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கணவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். காலையில் விந்து சாம்பிளுக்கான காலி டப்பாவை எடுத்துக்கொண்டு, "வீட்ல அம்மா இருக்காங்க, கூச்சமா இருக்கு. அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு நேரா வந்துடறேன்" என்று கிளம்பியவன். சொன்னபடியே, சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணன் வீட்டில் மட்டும் கூச்சம் இருக்காதா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, பாவம்.

லேப்காரம்மா எட்டிப் பார்த்தாள். வாய் ஓயாத மனுஷி.

"போன மாசம் விந்தணு எண்ணிக்கை வெறும் ரெண்டு மில்லியன். இன்னைக்கு அறுபது. டாக்டர் குடுத்த மாத்திரை கைமேல பலன் காட்டிடுச்சு சார்" என்றவள், வந்த வேகத்தில் போய்விட்டாள்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அந்த மாத்திரை அட்டை பிரிக்காமலே அலமாரியில் கிடந்ததை நேற்றுதான் பார்த்து, அவனோடு சண்டையும் போட்டிருந்தாள்.

"நீங்க ஒரு மாத்திரைகூட போடலையே. அது யாரோடது?"

"மெதுவா பேசு."

"யாரோடதுன்னு கேட்டேன்."

அவன் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மாதான் யோசனை சொன்னாங்க. அண்ணன் என்ன வெளி ஆளா? நம்ம ரத்தம்தானே."

மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் அந்த அண்ணன். நாளை முதல் அவர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

"அண்ணன் வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?"

"அண்ணிதான் ஒரு வாரமா பேசி அண்ணனைச் சம்மதிக்க வச்சாங்க. உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க."

எல்லாரும். அவள் உடம்பைப் பற்றி அவளைத் தவிர வீடே கூடிப் பேசி முடித்திருக்கிறது. டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கால்களைக் கீழே இறக்கினாள்.

"எழுந்திரிக்காத, எல்லாம் வீணாயிடும்" என்று அவன் இரண்டு கைகளாலும் அவள் தோளை அழுத்தினான். இத்தனை வருடத்தில் அவள்மேல் ஒரு விரலைக்கூடப் பலமாக வைத்தவனில்லை. இப்போது அவளால் எழ முடியவில்லை.