இனி இவ்வாறு நடக்காது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. விளக்கக் கடிதமாகத் தொடங்கியது. அதை நான் சொதப்பியதால்தான் கதையாகிவிட்டது.

மேனாம்பேட்டில் 'சரசா டைப்பிங் சென்டர்' என்று ஒரு பலகை தொங்கும். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம், சகலவித மனுக்கள். அந்தச் சரசா நான்தான். கூட்டமில்லாத நேரத்தில் அதே கணினியில் கதை எழுதுவேன். எட்டுக் கதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. ஒன்பதாவது மூன்று வருடமாகப் பரிசீலனையில் இருக்கிறது. (கேட்டால் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். நானும் நம்புகிறேன்.)

என் கணினியில் 'மாதிரிகள்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பக்கத்து அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் யாருக்காவது மெமோ கொடுத்தால், மூன்று நாளுக்குள் அவர் என் கடை வாசலில் நிற்பார். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் தயாராக இருக்கும். கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றேதான்: 'இனி இவ்வாறு நடக்காது எனத் தாழ்மையுடன் உறுதியளிக்கிறேன்.'

பதினோரு வருடத்தில் ஒருவரும் அந்த வரியை வேண்டாம் என்று சொன்னதில்லை. சித்ரா சொன்னாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'சித்ராவின் கண்களில் சொல்லொணாத ஒரு சோகம்...'

(விட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் கண்டது வகிடு மட்டும். பார்க்காத கண்ணில் சோகத்தை எங்கிருந்து எடுத்தேன்?)

இரண்டாம் முயற்சி: 'சின்ன வயதிலிருந்தே சித்ரா மற்றவர்களைப் போல இல்லை. அவள்...'

(யார் அந்த மற்றவர்கள்? என் கடைக்கு வருகிற ஒருவரும் இன்னொருவரைப் போல இல்லை. ஆதார் அட்டையில் அவர்களே அவர்களைப் போல இல்லை.)

மூன்றாம் முயற்சி: வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சித்ரா கடைக்குள் வந்தாள். ஒரு கையில் மெமோ. இன்னொரு கையில் ஒரு போல்ட்டும் நட்டும். கட்டை விரலால் நட்டைச் சுழற்றி ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். சித்ரா என்பது மட்டும் உண்மைப் பெயரல்ல. அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர்.

முப்பத்து மூன்று வயது. கோவில்பதாகையில் வீடு, ஆவடியில் மின்சார ரயில் ஏறி எஸ்டேட்டுக்கு வருகிறவள். வண்டிகளுக்கான போல்ட் செய்கிற ஒரு கம்பெனியில் ஆறு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. ஒரு தட்டு நிறையக் கொட்டி வைத்தால், கேஜ் வைத்து அளப்பதற்கு முன்பே கோணலான ஒன்றை எடுத்துத் தனியே போட்டுவிடுவாள். ஆறு வருடத்தில் அவள் கையைத் தாண்டிப் போன ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை.

போன மாதம் அங்கே புதிதாக, இரும்பை ஓயாமல் இடித்து அழுத்துகிற ஒரு பவர் பிரஸ் வந்தது. இடம் போதாமல் சித்ராவின் மேசையை அதன் பக்கத்தில் தள்ளினார்கள். அதன் பிறகு இரண்டு முறை அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், கழிவறையில் காதைப் பொத்திக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். மேனேஜர் வீரராகவன் மெமோ கொடுத்துவிட்டார். திங்கள் காலை எட்டு மணிக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். மூன்றாவது முறை நடந்தால் வேலை இல்லை.

இதற்கு முந்தைய கம்பெனியிலும் இதேதான் நடந்தது. அங்கே மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தாள், அந்தக் கடைசி வரியோடு. மறுபடி நடந்தது. அனுப்பிவிட்டார்கள்.

நான் வழக்கம் போல மாதிரியைத் திறந்து, பெயரை மாற்றி, அச்சடித்துக் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"இன்னாக்கா இது, கடைசி லைனு?"

"எல்லா லெட்டர்லயும் வர்றதும்மா அது."

"நடக்கும்கா. அந்த மெஷின் பக்கத்துல நான் கீற வரைக்கும் நடக்கும். நடக்காதுன்னு எப்புடி எழுதிக் குடுக்கறது?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு. யாரு உக்காந்து படிக்கப் போறா?"

"நான் படிச்சேனே."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எனக்குச் சொன்னதுதான் இந்தக் கதை. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. எழுதிட்டு எனக்குக் காட்டணும்" என்றாள்.

3

இந்த இடத்தில் ஜெபாவைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரப் பயமாக இருக்கிறது. மனநல ஆலோசகர் ஒருவர் கதைக்குள் வந்தாலே உபதேசம் செய்ய ஆரம்பித்துவிடுவார். நான் ஜெபாவைப் பார்த்ததும் இல்லை. என்னிடம் இருப்பது சித்ரா சொன்னது மட்டுமே. சித்ரா எதையும் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

ஜெபாவுக்கு முன்னால் வேறொருவரிடம் போயிருக்கிறாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அங்கே கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகச் சொன்னார்கள். பேசுகிறவர் கண்ணை ஐந்து எண்ணும்வரை பார்க்கச் சொன்னார்கள். கையிலிருந்த நட்டையும் போல்ட்டையும் வாங்கி டிராயருக்குள் போட்டுவிட்டார்கள்.

"அதுல நான் நல்லா தேறிட்டேன்கா. அதான் பிரச்சனையே. நாள் பூரா சிரிச்சிகினு, கண்ணப் பாத்துகினு... ஊட்டுக்கு வந்தா ரெண்டு மணி நேரம் பேச்சே வராது."

ஜெபாவின் அறை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. முதல் நாளே டியூப்லைட் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாராம். வேண்டாம் என்றதும் அணைத்துவிட்டார். உட்காரும் இடங்கள் எதிரெதிராக இல்லை. சோபா, நாற்காலி இரண்டும் ஜன்னலைப் பார்த்தபடி. சித்ரா பயந்துகொண்டே பையிலிருந்து போல்ட்டை எடுத்தாள்.

"தாராளமா சுத்துங்க. எண்ணெய் மட்டும் சோபால படாம பாத்துக்கங்க."

(இது நான் இட்டுக்கட்டியது அல்ல. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

அவர்தான் டாக்டரிடம் அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். சித்ராவுக்கு ஆட்டிசம் என்று இந்த வருடம்தான் தெரிந்தது.*

பவர் பிரஸ் விஷயத்தைச் சொன்னபோது ஜெபா கேட்டது இவ்வளவுதான்: "உங்கள எப்படி மாத்தலாம்னு விடுங்க. அந்த மேசைய எங்க மாத்தலாம்?"

* முப்பத்து மூன்று வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் கேட்டேன். சித்ரா சொன்னாள்: "இத்தினி வருசமா நான் திமிரு புடிச்சவள்னு நானே நெனச்சிகினு இருந்தேன். இல்லன்னு இப்பதான் தெரிஞ்சிது." இதற்கு மேல் அடிக்குறிப்பு எழுத எனக்குத் தெரியவில்லை.

4

சனிக்கிழமை பகல் முழுவதும் உட்கார்ந்து கதையை எழுதி முடித்தேன். அந்தக் கதை உங்களிடம் இல்லை. அதில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அதில் ஜெபா ஒன்றரைப் பக்கம் பேசுவார். சித்ரா அவர் மடியில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுவாள். அவர் தலையைக் கோதிவிடுவார். ஆறு மாதம் கழித்து ஆவடி மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். செண்டை மேளம் முழங்குகிறது. நடுவில் சித்ரா நிமிர்ந்து நின்று சிரிக்கிறாள். கடைசி வரி: 'அதன்பின் அவளுக்கு அப்படி நடக்கவே இல்லை.'

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அசத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

மாலையில் சித்ரா வந்து, பேனா கேட்டு வாங்கி, நின்றபடி படித்தாள். போல்ட்டுக்குத் தரம் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். சரியானதற்கு டிக், தப்பானதற்குப் பெருக்கல் குறி. முதல் பக்கத்திலேயே நான்கு பெருக்கல்.

"நான் அழல. ஏன் அழ வெச்சீங்க?"

"படிக்கிறவங்களுக்குப் புரியணும் இல்லம்மா..."

"ஜெபா மேடம் இவ்ளோ பேச மாட்டாங்க. என்னத் தொடவும் மாட்டாங்க. கேட்டுட்டுதான் கையே குடுப்பாங்க." இன்னொரு பக்கம் திருப்பினாள். "செண்டை மேளம் வெச்ச கல்யாணத்துக்கு நான் இன்னாத்துக்குப் போறேன்?"

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். டிக்கும் போடவில்லை, பெருக்கலும் போடவில்லை. அடிக்கோடு மட்டும் போட்டாள்.

"இது அந்த லெட்டர்ல இருந்த அதே லைனுதான்கா."

எனக்கு முதலில் வந்தது கோபம். எட்டுக் கதை எழுதியவளுக்குப் பாடம் எடுக்கிறாளே என்று. அவள் போன பிறகு அந்த எட்டையும் எடுத்துப் பார்த்தேன். எட்டிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் திருந்துகிறாள், அல்லது பழகிக்கொள்கிறாள், அல்லது எதையோ மறந்துவிட்டுச் சிரிக்கிறாள். என்னிடம் இருந்த மாதிரிகள் ஃபோல்டர் ஒன்றல்ல, இரண்டு. வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

5

இன்று ஞாயிறு. பத்து மணிக்குச் சித்ரா வந்தாள். கூடவே முத்தம்மாள். அதே கம்பெனியில் பேக்கிங் மூலையில் வேலை பார்க்கும் அம்மா, ஐம்பது வயதிருக்கும்.

"லைட்டை அணைச்சிடவா?" என்று கேட்டேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"லைட்டு பரவால்லக்கா. ஃபேன்தான் டக்கு டக்குன்னுது."

பதினோரு வருடமாக அதற்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. நிறுத்திய பிறகுதான் கேட்டது. மூன்று பேரும் வியர்த்து வழிந்தபடி கடிதம் எழுதினோம்.

'மன்னிக்கவும்' என்று அடித்தேன். அழிக்கச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"சொல்லாம எழுந்து போனேன். அது தப்பு. அதுக்கு மட்டும் மன்னிப்பு போடுங்க. காதப் பொத்திகினதுக்குப் போடாதீங்க."

சித்ராவின் மேசை பேக்கிங் மூலைக்குப் போனால் பிரஸ் பக்கத்தில் அவளுக்குப் பதிலாக யார் உட்காருவது என்று கேட்டேன். முத்தம்மாள் கையைத் தூக்கினார்.

"நான் ஒக்காந்துக்குறேன். ஸ்டோர்ல காதுக்கு மாட்டுறது கீது, மாட்டிக்குறேன். மெஷினு கத்துனா கத்திட்டுப் போவுது. எங்க ஊட்டுக்காரு கத்தாத கத்தா?" பிறகு என் பக்கம் குனிந்தார். "என் பேரையும் போடு. நானும் கையெழுத்து வெக்கிறேன். ஒண்டியா குடுத்தா தூக்கிப் போட்டுடுவானுங்க."

 சித்ராவின் கையில் நட்டு வேகமாகச் சுற்றியது. அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் என்று முத்தம்மாள் சொன்னார்.

6

முடிவு, அ: வீரராகவன் கடிதத்தைப் படிக்கிறார். அவர் கண்கள் பனிக்...

(கண்கள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.)

முடிவு, ஆ: அவர் கடிதத்தைக் கசக்கி எறிகிறார். சித்ரா தலை நிமிர்ந்து வெளியே...

(எங்கே போவாள்? வேலை போன பெண்ணைத் தலை நிமிர்ந்து நடக்க வைப்பது எழுதுகிறவளுக்குச் சுலபம்.)

இரண்டையும் சித்ராவிடம் காட்டினேன். "தெரியாதத ஏன்கா எழுதறீங்க? நாளைக்கி எட்டு மணிக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் இன்னொரு பிரதியும் அடித்து வைத்திருந்தேன், பழைய கடைசி வரியோடு. "எதுக்கும் பையில வெச்சுக்கம்மா, அவர் மொகத்தப் பாத்துட்டு எதைக் குடுக்கணுமோ அதைக் குடு" என்றேன். அவள் வாங்கினாள். படித்தாள். மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

"பின்பக்கம் காலியாதான் கீது. கதைக்கு வெச்சிக்கோங்க."

இந்தப் பத்தியை அதன் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

இதுவரை படித்தவர் இனிக் கொஞ்சம் இடம் மாறி உட்கார வேண்டும். இது மேனேஜர் நாற்காலி. திங்கள் காலை எட்டு மணி. நீங்கள் கெட்டவர் இல்லை. ஆர்டர் நெருக்குகிறது, இடம் போதவில்லை, உங்களுக்கு மேலே இருப்பவர் நேற்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எதிரில் ஒரு பெண் நிற்கிறாள். உங்களைப் பார்க்கவில்லை. கையில் ஒரு நட்டு சுற்றுகிறது. அது திமிர் இல்லை என்பது வீரராகவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அவள் நீட்டும் தாளில் இருப்பது இது:

'ஐயா, இரண்டு முறை சொல்லாமல் எழுந்து போனேன். அதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பிரஸ் சத்தத்துக்குப் பக்கத்தில் என்னால் உட்கார முடியாது. என் மேசையைப் பேக்கிங் மூலைக்கு மாற்றினால் என் வேலை முன்பு போலவே இருக்கும். முத்தம்மாள் இடம் மாறிக்கொள்ளச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார். சத்தம் தாங்காவிட்டால் இனிமேல் சொல்லிவிட்டு வெளியே போவேன். மேசை மாறாவிட்டால் மறுபடியும் நடக்கும். உங்கள் பதில் எதுவானாலும் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கவும். வாயால் சொன்னால் அவசரத்தில் எனக்குப் பிடிபடாது. இப்படிக்கு, சித்ரா.'

கையெழுத்துகளுக்குக் கீழே உங்கள் பதிலுக்காக நான்கு விரல் இடம் விட்டுத்தான் அச்சடித்திருக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுங்கள். அவள் நின்று படிப்பாள்.