பதினோராவது பதிவில் ஓர் இருமல்

பல் டாக்டரிடம் ஒரே சிம்பொனியின் பத்துப் பதிவுகள் இருந்தன. ஞாயிறுதோறும் மைத்துனரைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒப்பிடுவார். ஒன்றில் வயலின்கள் ரயிலைப் பிடிக்க ஓடும்; இன்னொன்றில் அதே வயலின்கள் தூக்கக் கலக்கத்தில் நடக்கும். ஆனால் அவர் உயிரே நான்காவதில்தான் இருந்தது. அது அரங்கத்தில் பதிவானது. இரண்டாம் பகுதியில் புல்லாங்குழல் ஓய்ந்ததும் கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒருமுறை இருமுவார். டாக்டர் அதற்கும் தலையாட்டுவார்.

அந்தச் சிம்பொனியை வாசிக்க ஓர் இசைக்குழு ஊருக்கு வந்தபோது இருவரும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். புல்லாங்குழல் ஓய்ந்தது. யாரும் இருமவில்லை. டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரியாக அந்த இடத்தில் தானே இருமிவிட்டார்.

"மானம் போச்சு மாமா" என்று மைத்துனர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மேடையைச் சுற்றி நின்ற மைக்குகளை இருவருமே கவனிக்கவில்லை. மூன்று மாதத்தில் அந்தக் கச்சேரி பதினோராவது பதிவாக வீடு வந்து சேர்ந்தது. இருமல் துல்லியமாக விழுந்திருந்தது. டாக்டர் வாயெல்லாம் பல்லாகத் தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

மைத்துனர் நான்காவதைப் போட்டார், பதினோராவதைப் போட்டார், மறுபடியும் நான்காவதைப் போட்டார்.

"வாசிப்பு புதுசுலதான் ஒசத்தி, மாமா" என்றார் கடைசியில். "ஆனா இருமல் பழசுலதான்."