நல்லம்மாள் எழுதிக் கொடுத்த உரிமை

கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் மெஷின்களுக்குப் படம் வரையும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தான் சபாபதி. ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினில் கை சிக்கித் தோட்டத்துப் பெண்களின் விரல்கள் நசுங்குவது அந்தக் காலத்தில் சாதாரணம். மிதித்தவுடன் உருளைகள் இரண்டும் விலகிக்கொள்ளும்படி ஒரு மிதிகட்டையை அவனும் அதே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அய்யாவு என்பவனும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

காப்புரிமை வாங்கும்போது அய்யாவுவின் பெயரைச் சபாபதி விட்டுவிட்டான். நியாயம் கேட்டவனைத் திருடன் என்று துரையிடம் சொல்லி வேலையை விட்டே துரத்தினான். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு தொழில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், உரிமையை மனைவி நல்லம்மாள் பெயருக்கு எழுதி வைத்தான். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வருஷம் பிரிக்பீல்ட்ஸில் வேறொருத்தியோடு குடித்தனம் போனான். போகும்போது நல்லம்மாளின் தாலிக்கொடியைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அதே கொடியைத்தான் புதியவள் போட்டிருக்கிறாள் என்று கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். நல்லம்மாள் பட்டறை ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டுப் பிழைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சபாபதி வந்தான்.

"புது மாமனார் முதல் போடறார். கிள்ளான்ல பட்டறை வைக்கப் போறேன். பேட்டண்ட் உரிமைய என் பேருக்கு மாத்தி எழுதணும்."

"எழுதித் தரேன். தீபாவளி போகட்டும்."

தீபாவளி போனது. "தைப்பூசம் முடியட்டும். நீங்க வேலையை ஆரம்பிங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்றாள். ஒருநாளும் மறுத்துப் பேசாதவள் என்பதால் அவன் நம்பினான். ரயில்வே வேலையை விட்டான். கடன் வாங்கி இரும்பு வாங்கினான். மிதிகட்டை வைத்த மெஷின்கள் வரிசையாக எழும்பின.

அதன் பிறகே நல்லம்மாள் கிள்ளானுக்கு ரயிலேறினாள். அய்யாவு அங்கே ஒரு சீனர் பட்டறையில் கூலிக்கு இருந்தான். உரிமையை அவன் பெயருக்கே எழுதித் தர வந்திருப்பதாக அவள் சொன்னதும் அவன் கைவேலையைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஏன் தங்கச்சி இவ்வளவு பெரிய நல்லது செய்யறே?"

"உங்களுக்கு நல்லது செய்ய வரலண்ணே. அவருக்குக் கெட்டது செய்ய வந்தேன்."

கோலாலம்பூரில் வக்கீல் பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டினார். "கையெழுத்துப் போட்டா இனிமே இதுல உனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லம்மா. நல்லா யோசிச்சியா?"

"அவருக்கும் இருக்காதுல்ல?"

"இருக்காது."

அவள் பேனாவை வாங்கி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். அய்யாவுவும் போட்டான். உரிமை மாற்றம் அரசாங்கத்தில் பதிவானது.

அந்த மெஷினைச் செய்யவோ விற்கவோ கூடாதென்று அய்யாவுவின் வக்கீல் நோட்டீஸ் போன மறுநாள் சபாபதி செந்தூலுக்கு ஓடி வந்தான். நல்லம்மாள் ஆட்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தே?"

"யாரைக் கேக்கணும்? என் பேர்லதானே இருந்துச்சு."

"உன்னை நம்பித்தானே வெச்சேன்."

"நம்பினதாலதான் என்னால முடிஞ்சது."

"வேலையும் போச்சு, நல்லம்மா. ஒரு மெஷின்கூட விக்க முடியாது. கடன்காரன் வாசல்ல நிக்கறான்."

அவள் அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றப் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. அவன் போய்விட்டான்.

மெஷின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. மாமனார் மகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார். தனிப் பட்டறை வைத்துவிட்ட அய்யாவு ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"படம் வரைய ஆள் வேணும் தங்கச்சி. அவன் வந்து கேக்கறான். பார்த்தா பாவமா இருக்கு. சேர்த்துக்கவா?"

"உரிமை உங்களுது. ஆனா, அதுக்கா நான் எழுதிக் குடுத்தேன்?"

அய்யாவு சேர்க்கவில்லை.

சபாபதி ரவாங் பக்கம் ஏதோ தோட்டத்தில் கூலியாட்களின் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் வேலைக்குப் போய்விட்டதாகச் சேதி வந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக ரயிலேறினானாம். சொன்னவர், அவள் அழுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

நல்லம்மாள் அன்று இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.