முஹய்யோ சொன்ன எடுத்துக்காட்டு வாக்கியம்

நமங்கான் நகரத்தில் இங்கிலீஷ் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தில்பூசா டீச்சரிடம் மட்டும் பெரிய பெரிய சொற்களுக்கு அர்த்தம் ஒப்பித்துவிட்டுத் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லையும் தெரிந்த ஆள் ஒருவர் மேல் ஏற்றி வாக்கியம் சொல்லியாக வேண்டும்.

அசில்பெக் எல்லாச் சொல்லையும் ஒரே ஆள் மேல்தான் ஏற்றினான். 'எஃபெமெரல்' என்றால் வந்த சுவடு தெரியாமல் மறைவது. முஹய்யோ வீட்டு ஆப்ரிகாட் பூ எஃபெமெரல் என்றான். 'மெலங்கலி' என்றால் இன்னதென்று தெரியாத சோகம். முஹய்யோ வராத நாளில் வகுப்பே மெலங்கலியாக இருக்கிறதாம். பின்வரிசை கனைக்கும். முஹய்யோ சும்மா விடுவாளா? அசில்பெக்கின் தைரியமும் எஃபெமெரல்தான் என்று பதிலுக்கு ஒன்று போடுவாள். டீச்சர் இலக்கணத்தை மட்டும் திருத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

வாக்கியத்தில்தான் அவன் புலி. தெருவில் எதிரே வந்தால் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு போய்விடுவான். உன் அம்மாவை எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்க அனுப்பு என்று ஒரு பெண் எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? முஹய்யோ காத்திருந்தாள்.

அதற்குள் பக்கத்து ஊரான சுஸ்த்திலிருந்து ஒரு பல் டாக்டர் வீட்டார் இரண்டு முறை வந்து பெண் கேட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை அவர்கள் கிளம்பிப் போனதும் அம்மா சலோமத், "நீ என்னடி சொல்றே?" என்று கேட்டாள். முஹய்யோவுக்கு அசில்பெக் மேல் வந்த கோபத்தில் வாயடைத்துப் போனது. கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே நின்றாள். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண் பேசாமல் நின்றால் சம்மதம் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வந்து ரொட்டி உடையுங்கள் என்று சலோமத் சந்தோஷமாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். ரொட்டி உடைந்துவிட்டால் கல்யாணம் நிச்சயம், அப்புறம் பேச்சுக்கே இடமில்லை.

மறுநாள் மகள் வேண்டாம் என்று அழுதபோது அம்மாவுக்கு எரிச்சல் வந்தது.

"கேட்டப்போ ஊமையாட்டம் நின்னுட்டு இப்ப அழுதா? நல்ல பையன்டி. இல்ல, உன்னக் கேட்டு வேற யாராவது வந்தாங்களா? வந்தா சொல்லு, பாக்கலாம்."

யாரும் வரவில்லை. அதுதான் முஹய்யோவின் வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்த சொல் 'ப்ரொகிராஸ்டினேட்'. செய்ய வேண்டியதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவது. அசில்பெக் எழுந்து, தன் அண்ணன் வீட்டுக் குழாயைச் சரிசெய்யாமல் தள்ளிப்போடுகிறான் என்றான். இத்தனை நாள் இல்லாமல் இந்தச் சொல்லுக்கு மட்டும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று முஹய்யோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள்.

"அசில்பெக் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வேறொருவனுக்காக ரொட்டி உடையப்போகிறது."



"வாக்கியம் சரியா இருக்கு," என்றார் டீச்சர். "அசில்பெக், அர்த்தம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்," என்றவன் காதெல்லாம் சிவக்கக் கதவைப் பார்த்து ஓடினான்.

"டேய், கோட்டு போட்டுட்டுப் போ," என்று டீச்சர் கத்தியது அவன் காதில் விழவில்லை.

சனிக்கிழமை காலையில் அசில்பெக்கின் அம்மா ரொட்டியும் இனிப்புமாக வந்து, டீ குடித்து, பெண் கேட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் மறுபடி வந்தாள். சாயங்காலம் மூச்சு வாங்க அவள் திரும்பவும் படியேறியபோது சலோமத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னக்கா, எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"

"மூணு தடவை வந்து கேக்கறதுதானே மரியாதை? மத்தவங்க மாசக்கணக்கா நடப்பாங்க. என் பையன் மூணு மாசம் தூங்கிட்டு நேத்துதான் முழிச்சான். அதான் ஒரே நாள்ல நடந்துட்டேன். கால் விட்டுப்போச்சு, கோவிச்சுக்காதீங்க."

சலோமத் மகளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், வாசல் ஆப்ரிகாட் மரத்தடியில் அசில்பெக் இன்னமும் கோட்டு இல்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றான்.

"இதுக்கு நீ என்னடி சொல்றே?"

பேசாமல் நின்றாலே போதும், அதுவே சம்மதம். ஆனால் ஒரு தடவை பேசாமல் நின்று பட்டதை முஹய்யோ மறக்கவில்லை.

"எனக்கு இவர்தாம்மா வேணும்," என்றாள், பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி.

"அடிப்பாவி, மெதுவாச் சொல்லு. இவ்வளவு இங்கிலீஷ் படிச்சியே, இதுக்குப் பெருசா ஒரு வார்த்தை கிடைக்கலையா?"

"கிடைக்கும். உனக்குப் புரியாமப் போயிட்டா?"

அன்று மகள் கிண்ணம் கழுவிக்கொண்டு நின்ற கோலம் இப்போதுதான் சலோமத்துக்குப் புரிந்தது. சுஸ்த்துக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தவள், யோசித்து அதைக் கீழே வைத்துவிட்டு, வந்த ரொட்டியில் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"முதல்ல இது ஒடையட்டும். அப்புறம் எவ்வளவு திட்டு வேணா வாங்கிக்கலாம்."