நாற்பத்து மூன்று அங்குல டிவியும் நாலு போல்ட்டும்

என் புருஷன் டெல்மர் சுவரைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு என் நாள் போச்சு என்று.

தட்டுவான், கேட்பான், தலையை ஆட்டுவான். இதய டாக்டர் தோற்றுப்போவார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துச் சுவர் முழுக்கத் தேய்த்தான். பலகைச் சுவருக்குள் தாங்குகிற மரக்கட்டை எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் அது கூவ வேண்டும். சக்கரம் வைத்த வீடான எங்கள் டிரெய்லரின் சுவரில் வைத்த இடத்திலெல்லாம் கூவியது. கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே கூவியது.

"உள்ளே கட்டை இருக்கு," என்றான்.

"எங்கே?"

"எல்லா இடத்துலயும்."

"அடேயப்பா! அப்போ நாம கோட்டைக்குள்ளதான் குடியிருக்கோம். நான்தான் தகர டப்பான்னு தப்பா நினைச்சுட்டேன்."

"ஜோனெல், முப்பத்தெட்டு வருஷம் வீடு கட்டினவன் நான்."

இந்த முப்பத்தெட்டு வருஷத்தை நான் காலையில் காபியோடு ஒரு தடவை, மதியம் சாண்ட்விச்சோடு ஒரு தடவை கேட்கிறேன். பொய்யில்லை. நெப்ராஸ்காவில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அவன் அடித்த ஆணி இருக்கிறது. ஆனால் வீடு ஒரே இடத்தில் நிற்கும். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் பள்ளத்தில் விழுந்து எழுந்து ஓடாது. இந்தச் சின்ன வித்தியாசம் மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை.

போன மார்ச்சில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இந்த இருபத்தெட்டு அடி டிரெய்லரை டிரக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஓய்வு பெற்றவர்கள் ஊர் சுற்ற வேண்டுமாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கக்கூஸ்ல உட்கார்ந்தபடியே முட்டியால கதவைத் திறக்கலாம், ராஜபோகம்!" என்றுதான் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் மார்தட்டினான். "ஒரு வருஷம் பார்ப்போம். ஓடுற வண்டியில நான் மாட்டின பொருள் ஒண்ணே ஒண்ணு கழண்டு விழுந்தாலும் சரி, வண்டியைத் திருப்பிட்டு வீட்டுக்கு வந்துடுவோம். சம்மதமா?" சம்மதம் என்றேன். அவனுக்கு அது பேச்சு. எனக்கு அது ஒப்பந்தம்.

பதினோரு மாதம் ஆயிற்று. ஒரு எழவும் விழவில்லை. அவன் மாட்டின துண்டுக் கொக்கி கூட அசையாமல் நின்று என்னைப் பழிவாங்கியது. எனக்கோ என் குளியல் தொட்டி வேண்டும். நான் நிமிர்ந்து நின்று பாத்திரம் கழுவுகிற என் சமையலறை வேண்டும். அங்கே இப்போது யாரோ ஒரு பல் டாக்டர் குடும்பம் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் கெய்லீன் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தாள். வீடு டெல்மரின் அப்பா கட்டியது, பத்திரம் அவன் பேரில். கையெழுத்தும் அவன்தான் போட வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் அந்தத் திங்கட்கிழமை, அரிசோனா பாலைவனத்தில் எங்களைப் போன்ற கிழடுகள் வரிசையாக டிரெய்லர் போட்டிருக்கும் இடத்தில், நாற்பத்து மூன்று அங்குல டிவியோடு அவன் வந்து சேர்ந்தான். வியாழக்கிழமை நியூ மெக்ஸிகோவுக்குக் கிளம்புகிறோம். அதற்குள் மாட்டியாக வேண்டுமாம்.

எங்கள் ஊர் வீட்டுச் சுவரில் பதினாறு அங்குலத்துக்கு ஒரு கட்டை நிற்கும். அதனால் இங்கேயும் பதினாறு அங்குலம் அளந்தான். துளை போட்டான். துளைக்கருவி வெண்ணெய்க்குள் போவது மாதிரி போயிற்று. உள்ளே காற்றுதான் இருந்தது. நகர்ந்து இன்னொரு துளை. அங்கேயும் காற்று. நாலாவது துளைக்கு அப்புறம் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் முளைகளை எடுத்தான். வீட்டுச் சுவருக்கென்றே செய்த முளைகள். அவற்றைத் தட்டி இறக்கி, ஸ்க்ரூ முடுக்கி, இழுத்தால் முன்னால் வருகிற இரும்புக் கையை மாட்டி, அதில் டிவியையும் தொங்கவிட்டான்.

"பார்த்தியா! யானை வந்து தொங்கினாலும் தாங்கும்."

"யானைக்கு ரிமோட் யார் கொடுக்கிறது?" என்றேன்.

மத்தியானம் பக்கத்து டிரெய்லர் மேவிஸிடம் சொன்னேன். மேவிஸுக்கு எழுபத்தொரு வயசு. புருஷன் போனதிலிருந்து பத்து வருஷமாகத் தனியாக டிரெய்லர் இழுக்கிறவள். டயர் மாற்றுவாள், கூரை ஒழுகினால் ஏறி அடைப்பாள். நான் சொன்னதைக் கேட்டு, வாயில் இருந்த ஐஸ் டீயைத் துப்பிவிட்டாள்.

"பிளாஸ்டிக் முளையா? அடக் கடவுளே! அந்தச் சுவர் என்னன்னு நினைச்சான்? ரெண்டு பக்கமும் பிஸ்கட் கனத்துக்கு ஒட்டுப்பலகை, நடுவுல ஒண்ணும் கிடையாது. நூறு மைல் ஆடினா துளை பெரிசாயிடும். அப்புறம் ஒரு குலுக்கு போதும், சுவரைப் பிய்ச்சுக்கிட்டுக் கீழே வரும்."

"வேற எப்படி மாட்டணும்?"

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? உன் துணி அலமாரிதானே? அதுக்குள்ள கனமா ஒரு பலகை வை. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பலகை வரைக்கும் ஊடுருவித் துளை போட்டு, போல்ட்டை விட்டு, பின்னாடி நட்டு போட்டு இறுக்கு. ஆட்டத்துல கழலாத நட்டு தனியா விற்குது. அவ்வளவுதான். போய்ச் சொல்லு அவன்கிட்ட."

சொல்வதா? நானா? எனக்கு உள்ளுக்குள் சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது. வியாழக்கிழமை டிவி விழும். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்க மாட்டோம், முன்னால் டிரக்கில்தான் இருப்போம், ஆளுக்கு ஆபத்தில்லை. வெள்ளிக்கிழமை கெய்லீனுக்கு ஃபோன். ஏப்ரலில் என் குளியல் தொட்டி. நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை, ஆனாலும் இரண்டு நாள் தாக்குப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் அந்த டிவியைக் காட்ட ஊரையே கூட்டிக்கொண்டு வந்தான். நானும் கூடவே நின்று புகழ்ந்தேன். "என் புருஷன் மாட்டினா மாட்டினதுதான்," என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

புதன்கிழமை காலையில்தான் எல்லாம் கெட்டது. காபி போட்டுக்கொண்டே திரும்பினேன். டிவிக்கு நேர் கீழே ஒரு நீள இருக்கை. ஹீட்டர் காற்று அங்கேதான் வரும். டெல்மர் அதில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவனுடைய வழுக்கைத் தலைக்கு மேலே இரண்டு அடி உயரத்தில் டிவியின் கீழ் விளிம்பு.

பாதி வழியில் எங்கே நிறுத்தினாலும் இந்த மனுஷன் சாப்பிட்டுவிட்டு இதே இருக்கையில் இருபது நிமிஷம் படுப்பான். பதினோரு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. நூறு மைல் ஆடித் துளை பெரிசான பிறகு, ஒரு குலுக்கு. பக்கத்தில் லாரி போகிற அதிர்வு போதாதா? இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறான். சவரக் கத்தி கீறினாலே அரை மணி நேரம் ஒழுகும்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? முப்பத்தெட்டு வருஷம் என்பான். வீம்புக்கு இன்னும் இரண்டு முளை அடிப்பான். நானும் ஏதாவது குத்தலாகச் சொல்வேன். மனுஷன் கோபத்தில் அதன் கீழேயே போய்ப் படுப்பான். எனக்கு அவனைத் தெரியாதா?

எரிவாயு நிரப்பவும் டயர் பார்க்கவும் அவன் டவுனுக்குக் கிளம்பினான். டிரக் புழுதி அடங்குவதற்குள் நான் மேவிஸ் கதவைத் தட்டினேன்.

"நீ சொல்லலையா அவன்கிட்ட?"

"சொல்ல நேரமில்ல. பலகை இருக்கா?"

"நீ பெரிய பைத்தியம்டி," என்றாள். ஆனால் பலகை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நானும் அவளுமாக டிவியை இறக்கினோம். பிளாஸ்டிக் முளைகளைப் பிடுங்கக்கூட வேண்டியிருக்கவில்லை, விரலால் இழுத்ததும் வந்துவிட்டன. அலமாரியில் என் உடுப்புகளை ஒதுக்கிப் பலகையை வைத்தோம். மேவிஸ் துளை போட்டாள். நான் அலமாரிக்குள் தலையை விட்டு, கோட்டு நாற்றத்தில் மூச்சு முட்ட நாலு நட்டையும் முடுக்கினேன். முடுக்குகிற ஒவ்வொரு சுற்றுக்கும் என் குளியல் தொட்டி ஒரு மைல் தள்ளிப் போவது எனக்கு நன்றாகவே தெரிந்தது. இருந்தும் முடுக்கினேன். முடித்ததும் மேவிஸ் டிவியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பின்னால் பலகையை மறைத்து என் நீளக் கோட்டுகளை மாட்டிவைத்தேன்.

வியாழக்கிழமை கிளம்பினோம். ரோடு அவ்வளவு கேவலம், டிரக்கில் என் பல்லே ஆடியது. மதியம் நிறுத்தினோம். நான் வெளியே மேஜையில் சாண்ட்விச் பிரித்துவைத்தேன். குளிர் காற்று, ஜாக்கெட் எடுத்து வருகிறேன் என்று டெல்மர் உள்ளே போனான். வர வெகு நேரமாயிற்று. தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தூங்கட்டும், இப்போது எனக்கென்ன பயம்?

சாயங்காலம் நியூ மெக்ஸிகோ போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்தால், அலமாரிக் கதவு திறந்திருக்கிறது, மேஜையிலிருந்த வாழைப்பழம் தரையில் கூழாகக் கிடக்கிறது. டிவி மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கிறது.

"முப்பத்தெட்டு வருஷ அனுபவம்னா சும்மாவா," என்றேன் நானே முந்திக்கொண்டு.

அவன் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து அந்த இருக்கையில் உட்கார வைத்தான். "கெய்லீன்கிட்ட பேசிட்டேன், ஜோ. மத்தியானமே. ரெண்டு வருஷத்துக்கு ஃபோன்லயே கையெழுத்து போட்டாச்சு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருந்துச்சே!" என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. "டிவி விழலைன்னதும் உனக்கு அவ்வளவு அவசரமா?"

"டிவி யாரால விழலைன்னு எனக்குத் தெரியாதா? ஜாக்கெட் எடுக்க அலமாரியில உன் கோட்டை ஒதுக்கினேன். பலகையைப் பார்த்தேன், போல்ட்டையும் பார்த்தேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "செவ்வாய்க்கிழமையே நான் கெய்லீனுக்கு ஃபோன் பண்ணி, நீட்டிக்க வேண்டாம், நாங்க திரும்பி வர்றோம்னு சொல்லிட்டேன். உனக்கு இங்கே பிடிக்கலையோன்னு பல நாளா ஒரு சந்தேகம். நாளைக்கு ஒரு கேக் வாங்கி உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்கு அந்த போல்ட்டைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. அது விழுந்தா வீட்டுக்குன்னு பேச்சு. விழாம நீயே பார்த்துக்கிட்டே. உனக்கும் இந்த வாழ்க்கை பிடிச்சிருக்கு, வெளியே சொல்லத்தான் வெட்கம். உடனே அவளைக் கூப்பிட்டு, பழையபடி நீட்டிச்சிடுன்னேன்."

தலைக்கு மேலே தொங்கிய டிவியைக் கை காட்டினேன்.

"அட முட்டாளே! உன் மண்டை உடையக் கூடாதேன்னு போட்ட போல்ட் அது! அதுக்கு அடியில படுக்கிறியே, மாத்திரை வேற சாப்பிடுறியேன்னு போட்டது! இந்த டப்பாவுல இருக்கணும்னு போட்டதில்ல. எனக்கு வீட்டுக்குப் போகணும், டெல்மர்."

அவன் டிவியையும் அலமாரியையும் ஒரு தடவை பார்த்தான்.

"இதை இப்பதான் சொல்றே," என்றான்.

"பதினோரு மாசமா சொல்லிட்டிருக்கேன்!"

"இல்ல. பதினோரு மாசமா நக்கல் பண்ணிட்டிருக்கே. ராஜபோகம்னே. கோட்டைன்னே. செவ்வாய்க்கிழமை ஊருக்கு முன்னாடி என் புருஷன் மாட்டினா மாட்டினதுதான்னே. அதுல எது நிஜம், எது கிண்டல்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு வீட்டுக்குப் போகணும்னு, இப்போ சொன்னியே, இப்படி ஒரு தடவை சொல்லியிருக்கியா?"

சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கக்கூஸ் கதவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தகர டப்பா என்று தினமும் சொல்லியிருக்கிறேன். போகணும் என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"மறுபடியும் கூப்பிட்டு மாத்த முடியுமான்னு கேட்டுப் பார்க்கவா?" என்றான். ஃபோனை எடுத்தான். அந்தப் பல் டாக்டர் குடும்பம் ஏற்கெனவே இரண்டு தடவை அலைக்கழிந்தாயிற்று, குழந்தைகள் பள்ளிக்கூடம் வேறு என்று கெய்லீன் மரியாதையாகவே சொல்வது எனக்கே கேட்டது. கையெழுத்து கையெழுத்துதானாம்.

ஃபோனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷம்," என்றான் மெதுவாக.

"ரெண்டு வருஷம்," என்றேன் நானும். கூடவே கிண்டலாக ஏதாவது சேர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது.